பயனாளி பங்களிப்பு

வறட்சி மாவட்டமாக இருந்தவரை செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிப் பக்கத்துக்கு ஒன்றும் வந்ததில்லை. பாலைவன மாவட்டம் என்று அரசு அறிவித்த பிறகுதான் உதவிகள் வரத் தொடங்கின. வறட்சியை நம்ப முடியாது, ஏதாவது ஒரு வருடம் மழை பெய்து காரியத்தைக் கெடுத்துவிடும். பாலைவனம் அப்படியில்லை. நிரந்தரம். நம்பித் திட்டம் போடலாம்.

அறிவிப்பு வந்த அன்று செம்மணல் பறக்கும் பேருந்து நிறுத்தத்தில் வெடி போட்டார்கள். ஒன்றிய அலுவலகத்தில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாததால் லட்டு தொண்டையில் நின்றுபோன இரண்டு பேரை முதுகில் குத்திக் காப்பாற்றினார்கள்.

முதல் உதவியாக வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு தார்ப்பாய், ஒரு டார்ச் லைட், காற்றடிக்கும் ரப்பர் படகு ஒன்று. எங்கோ வெள்ளத்துக்கு வாங்கி மிச்சமானது என்றார்கள். கீதாரி மாடக்கண்ணு அந்தப் படகைத் தன் செம்மறிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கினார். கீதாரி என்றால் ஆட்டுக் கிடைக்குத் தலைவர். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே பத்துப் பேர் மேய்த்தார்கள். இப்போது அவரும் மனைவி முப்பிடாதியும்தான். யார் தலைவர் என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது.

இரண்டாவது உதவி, ஆடு.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். பால் போல வெள்ளை, அடர்த்தியான ரோமம், சத்தமே போடாத ஆடுகள். லாரியிலிருந்து இறக்கும்போதுகூட ஒன்றும் கத்தவில்லை. திட்ட அலுவலர் நிறைமதி மைக்கை வாங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும். எல்லாரிடமும் மரியாதையாகப் பேசினார். அதனால் ஊருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"இந்த ஆடு தண்ணியே குடிக்காது," என்றார்.

"குடிக்காதுன்னா எப்படி மேடம்? எம் மருமவன் மாதிரி முறுக்கிக்கிட்டுக் குடிக்காதா, இல்ல தாகமே எடுக்காதா?" மாடக்கண்ணு எழுந்து நின்று கேட்டார்.

"தாகமே எடுக்காது ஐயா. இந்த ரோமத்தப் பாருங்க. ஒவ்வொரு இழையும் உள்ள குழல் மாதிரி. ராத்திரி குளிரும்போது காத்துல இருக்கற ஈரத்த இழுத்து உடம்புக்குள்ள அனுப்பிடும். மரபணுவுல சின்னதா ஒரு வேலை, அவ்வளவுதான்."

"காத்துல ஈரம் இல்லன்னா?"

"காத்துல எப்பவும் கொஞ்சம் இருக்கும் ஐயா."

"எங்கூருக் காத்த நீங்க பாத்ததில்ல போலுக்கு."

கூட்டம் சிரித்தது. நிறைமதியும் சிரித்தார். அவர் பதில் சொல்லவில்லை என்பது பின்னால்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

நிபந்தனைகள் எளிமையானவை. விற்கக் கூடாது. அறுக்கக் கூடாது. ராத்திரி வீட்டுப் பக்கத்திலேயே அடைக்க வேண்டும். காலையில் கறந்து வண்டியில் ஊற்ற வேண்டும். பத்துக் குடம் பால் ஊற்றினால் ஒரு குடம் குடிதண்ணீர் கிடைக்கும். பாலை வாங்கிக்கொண்டு தண்ணீரைக் கொடுக்கிற அரசாங்கம் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை நல்லதாக இருக்க வேண்டும் என்று ஊர் பேசிக்கொண்டது. இரண்டில் எதுவானாலும் நமக்கு லாபம்தானே.

ஆடுகள் நிபந்தனையை மீறவே இல்லை. கள்ளியைத் தின்றன, காய்ந்த உடைமர முள்ளைத் தின்றன, சுவரொட்டியைத் தின்றன. கறந்தால் பாத்திரம் நிரம்பியும் நிற்காமல் சுரந்தன. டேங்கர் லாரியில் வருகிற நாகர்கோவில்காரன் ஜெயசிங் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டான்.

அவனிடம் ஒரு விநோதம் இருந்தது. பாலில் லாக்டோமீட்டர் போடமாட்டான். விரலைக்கூட முக்கிப் பார்க்கமாட்டான். இதைப் பார்த்து ஊரிலேயே அதிகம் புண்பட்டவர் தவசிமுத்து நாடார். பால் சொசைட்டி இருந்த காலத்தில் கையில் லாக்டோமீட்டரோடு உட்கார்ந்து, தண்ணீர் கலந்த பாலையெல்லாம் சாக்கடையில் கொட்டச் சொன்னவர் அவர். அப்படிப் பாதி ஊரைப் பகைத்துக்கொண்டார். சொசைட்டியை மூடிய பிறகு, கிணற்றைச் சுற்றி இரண்டு ஏக்கரில் முருங்கை போட்டிருந்தார். வட்டாரத்தில் ஊற்று இருந்தது அந்த ஒரே கிணற்றில்தான்.

"என்னவே ஜெயசிங், டிகிரி பாக்காம வாங்குத? பாதி ஆளு தண்ணி ஊத்தியிருப்பான்," என்றார் ஒருநாள்.

"ஊத்தட்டும் அண்ணாச்சி," என்றான் ஜெயசிங். "ஊத்துனா நல்லதுதான்."

தவசிமுத்து அன்று சாப்பிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் வழக்கம்போல மாடக்கண்ணுவைக் கிடை போடக் கூப்பிட்டார். அறுவடை முடிந்த நிலத்தில் மூன்று ராத்திரி ஆடுகளை அடைத்துவைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். மேய்க்கிறவர்களுக்குச் சோறு. இரண்டு பக்கமும் எத்தனையோ தலைமுறையாகச் செய்வது. மாடக்கண்ணு தன் செம்மறிகளோடு சர்க்கார் ஆடுகளையும் சேர்த்தே பட்டியில் அடைத்தார். உரம் கூடுதலாகக் கிடைக்கட்டும், அண்ணாச்சி சந்தோசப்படுவார் என்று நினைத்தார்.

கிடை போட்ட நிலத்தில் காலையில் ஒரு வாடை வரும். மூக்கைப் பொத்த வைக்கும் மூத்திர வாடை. நிலத்துக்காரனுக்கு அது சந்தனம். மூன்றாம் நாள் காலையில் தவசிமுத்து வரப்பில் நின்று மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.

"கீதாரி, வாடையே காணுமே?"

மாடக்கண்ணு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். அது விரலிடுக்கில் மாவு மாதிரி வழிந்தது. சர்க்கார் ஆட்டுப் புழுக்கை தொட்டதும் தூளானது. முருங்கை இலைகள் பச்சையாகவே இருந்தன, ஆனால் தொட்டால் அப்பளம்போல நொறுங்கின. தவசிமுத்து ஓடிப்போய்க் கிணற்றில் வாளியை விட்டார். வாளி அடியில் போய் 'டங்' என்றது. மேலே வந்தபோது உள்ளே வெடித்த களிமண் கட்டி ஒன்று இருந்தது.

"ஏம்வே, உரம் போடக் கூப்பிட்டா நிலத்தையே உறிஞ்சிட்டுப் போயிட்டியே!"

"அண்ணாச்சி, எங்குலசாமி மேல சத்தியமா..."

"அத விடு. எம் மூக்குதான் சாட்சி. மோளாத ஆடு எங்க வச்சிக்கிடுது அம்புட்டையும்?"

தவசிமுத்து மனுக் கொடுத்தார். நிறைமதி நேரில் வந்தார், கிணற்றை எட்டிப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். மண் ஈரத்தை இழந்த விவசாயிகளுக்கு ஒரு தனித் திட்டம் இருப்பதாகச் சொல்லி, அடுத்த வாரமே நிவாரணம் ஏற்பாடு செய்தார்.

நிவாரணமாக இருபது ஆடு வந்தது.

தவசிமுத்து வாங்கிக்கொண்டார். கிணறு போன பிறகு குடிதண்ணீருக்கு வேறு வழி இல்லை.

மாடக்கண்ணுவின் மகள் பிரம்மசக்தி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. மூன்றாம் மாதம் முடிந்து புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் அவளுக்குப் பால் வற்றியது. முப்பிடாதி பூண்டைக் கருப்பட்டியில் வேகவைத்துக் கொடுத்தாள். உவரியிலிருந்து பால்சுறா வரவழைத்துப் புட்டு அவித்துப் போட்டாள். பால் வரவில்லை. உதடு வெடித்து ரத்தம்தான் வந்தது.

"எம்மா, பிள்ளை அழுவுது பாரு," என்றாள் பிரம்மசக்தி.

"பசிக்கு அழுவுது. சர்க்கார் ஆட்டுப்பாலு ரெண்டு சங்கு குடு."

"குடுத்தாச்சி. நாலு சங்கு குடிச்சிட்டு உடனே திரும்பவும் அழுவுது. அது இல்லம்மா. நல்லாப் பாரு. கண்ணுல தண்ணி வரல."

"பச்சப்பிள்ளைக்கு ஆரம்பத்துல கண்ணீரு வராது."

"போன வாரம் வந்துச்சே."

முப்பிடாதி குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் கட்டியது. காய்ந்தே இருந்தது.

மாடக்கண்ணு அன்றே சர்க்கார் ஆடுகளைக் குடிசையிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்த் தேரிமேட்டுக்கு அந்தப் பக்கம் அடைத்தார். விடிந்து பார்த்தால் பட்டி வேலியைத் தாண்டி வந்து எல்லாம் குடிசையைச் சுற்றி நின்றன. ஓலைச் சுவரில் உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு, தலையை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல். வெளிச்சத்தில் அவற்றின் ரோமம் மினுமினுத்தது. குழந்தையின் தொட்டில் கட்டியிருந்த பக்கம்தான் நெரிசல் அதிகம்.

பிரம்மசக்தியைப் புருசன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றால், மாப்பிள்ளை வீட்டுக்கு நாற்பது ஆடு கொடுத்திருந்தார்கள். அவர்கள் முன்னோடிப் பயனாளிகள். மாவட்டத்தைத் தாண்டிப் போனால் பயனாளி அட்டை செல்லாது. அட்டை இல்லாதவனுக்கு இந்த நாட்டில் எந்தக் குழாயும் திறக்காத காலம் அது.

"பாலு குடிச்சும் பிள்ளைக்கு வயிறு நிறைய மாட்டேங்குன்னா, அது பாலே இல்ல," என்றார் தவசிமுத்து. பரணிலிருந்து தன் பழைய லாக்டோமீட்டரை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். லாரி நிற்கிற இடத்தில், ஊர் பார்க்க, மாடக்கண்ணுவின் குடத்தில் அதை விட்டார். பாலாக இருந்தால் பாதியில் நின்று மிதக்க வேண்டும். அது விறுவிறுவென்று கழுத்துவரை இறங்கியது.

"தண்ணி," என்றார் தவசிமுத்து. தொழில் முறையில் அவருக்கு ஒரு திருப்தி வந்ததை மறைக்க முடியவில்லை. "சுண்ணாம்பு கரைச்ச மாதிரி வெளுத்த தண்ணி. எவன்டா இதக் காப்பி போட்டுக் குடிக்கான்?"

ஜெயசிங் குழாயை டேங்கரில் மாட்டிக்கொண்டே திரும்பினான்.

"காப்பிக்கு எதுக்கு அண்ணாச்சி? இதப் பாலுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பால் வண்டின்னுதானவே வார?"

"வண்டில எங்கயாவது பாலுன்னு எழுதியிருக்கா? நான் கொண்டுபோய் தலைநகரத்துல பெரிய தொட்டில இறக்குவேன். வெள்ளைய அங்க வடிச்சி எடுத்துருவாவ. பொறவு குழாய்ல போயிரும். அங்க தண்ணி இல்ல, பாத்துக்கிடுங்க. கடலத் தெளிய வச்சும் பத்தல." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நிறைமதி மேடம் என்ன ஆட்டாசுபத்திரி ஆளுன்னா நினைச்சிய? அவிய குடிநீர்ப் பிரிவு. இந்த ஆடுக்கு அங்க பேரே வேற. நடமாடும் ஊற்று."

மாடக்கண்ணு, "ஊத்து எங்கிருந்து இழுக்குது?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. நான் டிரைவர்," என்றான் ஜெயசிங். சொல்லிவிட்டு மாடக்கண்ணுவின் வெடித்த உதட்டைப் பார்த்தான். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை எடுத்து நீட்டினான். மாடக்கண்ணு வாங்கவில்லை.

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நேரே திட்ட அலுவலகத்துக்குப் போனார். நிறைமதி வெளியே வந்து அவரை நிழலில் உட்காரச் சொன்னார்.

"எடுத்துக்கிடுங்க மேடம். எனக்கு உதவி போதும்."

"திருப்பி வாங்கறதுக்கு வழி இல்லையே ஐயா. இது வழங்கற அலுவலகம். வாங்கற அலுவலகம் இன்னும் திறக்கல."

"எம் பேத்தி சாவக் கெடக்கு."

நிறைமதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தலைநகரத்துல எங்க வீட்லயும் சின்னக் குழந்தை இருக்கு ஐயா," என்றார். "நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குழாய் வருது." அது மன்னிப்பா, விளக்கமா, இல்லை பதிலா என்று மாடக்கண்ணுவுக்குப் புரியவில்லை. நிழலை விட்டு எழுந்து வெயிலில் நடந்தார்.

அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது. வழியெல்லாம் அதையே மனதில் உருட்டிக்கொண்டு வந்தவர், குடிசை தெரிகிற இடத்தில் நின்றார். கத்தரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே?

ஆட்டுக்காரனுக்குத் தெரிந்த வேலை அது. அரசாணை ரோமம் என்று சொல்வதைக் கீதாரிகள் மயிர் என்பார்கள். கத்தரியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முப்பிடாதி காலைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாகப் படுக்கவைத்துத் தோல் தெரியக் கத்தரித்தார். மேலே இருந்த வெள்ளை போனதும் உள்ளே மெலிந்த, சாம்பல் நிற, சாதாரண ஆடு இருந்தது. அது எழுந்து நின்று முதல் தடவையாகக் கத்தியது. தாகத்துக்குக் கத்தியது. ரப்பர் படகில் செம்மறிகளுக்காக வைத்திருந்த கொஞ்சம் தண்ணீரை முட்டி மோதிக் குடித்தது.

"இப்பதான்வே இது ஆடு," என்றார் பார்க்க வந்த தவசிமுத்து. அவரும் தன் இருபதை ஓட்டிவந்தார்.

கறவை நின்றது. அதற்குத் தகுந்தபடி குடிதண்ணீரும் நின்றது. தவசிமுத்து பனையேறி நுங்கு வெட்டிப் போட்டார், அதை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் சில நாளில் பிரம்மசக்திக்குப் பால் சுரந்தது. குழந்தை அழுதபோது ஒரு கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வந்தது. முப்பிடாதி அதைத் துடைக்க விடாமல் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

கத்தரித்த மயிர் மூலையில் மூட்டையாகக் கிடந்தது. வீட்டில் பிள்ளை பிறந்த வருடம் கத்தரிக்கிற முதல் மயிரைத் தொட்டிலில் விரிப்பது கீதாரி வீட்டு வழக்கம். பிரம்மசக்தி அப்படித்தான் வளர்ந்தாள். இந்த மயிரோ செம்மறி மயிர் மாதிரி குத்தாது, பஞ்சு. மாடக்கண்ணு தானே நல்லதாகப் பார்த்து இரண்டு கை அள்ளித் தொட்டில் சேலையின் அடியில் பரப்பினார். ஆட்டைவிட்டுப் பிரித்தெடுத்த மயிர் செத்துப்போனது என்று அவர் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். வெட்டிய மயிர் வேலை செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

காலையில் முதலில் எழுந்தது முப்பிடாதி. தொட்டில் தரையைத் தொடுகிற மாதிரி கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

"இந்தாருங்க, எந்திரிங்க! பிள்ளை மோண்டுருக்கா! நெறைய மோண்டுருக்கா!" குரலில் அத்தனை சந்தோசம். "ஏ பிரமு, பாருடி, தொட்டிலே நனைஞ்சிருக்கு!"

மாடக்கண்ணு சிரித்துக்கொண்டே எழுந்து வந்து தொட்டில் பக்கம் குனிந்தார். குனிந்தவர் மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

வாடை இல்லை.

அவர் குழந்தையை வெளியே இழுத்தெடுத்தபோது அது காய்ந்த இலைபோல லேசாக இருந்தது. கண் குழிந்து, உச்சிக்குழி உள்ளே இறங்கி, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அழவும் இல்லை. முப்பிடாதியின் சத்தம் கேட்டுத் தவசிமுத்து ஓடிவந்தார், பார்த்தார், திரும்பிப் பனையை நோக்கி ஓடினார். நாள் முழுக்க நுங்கு நீரைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தார்கள். பிரம்மசக்தி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிழிந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் குழந்தை ஒரு தடவை மெதுவாக முனகியது.

மறுநாள் கறவை நின்றது பற்றி விசாரிக்க நிறைமதி வந்தார். மாடக்கண்ணு காத்திருந்தார். தொட்டிலில் கிடந்த மயிரை அப்படியே அள்ளி அவர் கையில் வைத்தார்.

"பாருங்க மேடம். ஆடுகூட இல்ல. வெறும் மயிரு. இது எம் பேத்தி. ஒரு ராத்திரில இம்புட்டு எடுத்துருக்கு."

நிறைமதி குழந்தையைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். அனிச்சையாக விரல்களை மடக்கினார். தண்ணீர் கம்பியாக இறங்கி மணலில் விழுந்தது. தெளிந்த தண்ணீர். வெள்ளையே இல்லை.

அவர் மறுபடி பிழிந்தார்.

"ஒரே ராத்திரியா ஐயா?"

"ஆமா."

"வடிகட்டக்கூட வேண்டாம் போலிருக்கே," என்றார் மெதுவாக. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு மாடக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. "நான் மேல பேசறேன். ஆட்டையெல்லாம் எடுத்துடச் சொல்றேன். சத்தியமா."

சத்தியத்தைக் காப்பாற்றினார். மாதம் முடிவதற்குள் மாவட்டம் முழுக்க ஆடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுபடி வெடி போட்டார்கள். மறுபடி லட்டு. அதே பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, திட்டத்தைத் தடுத்து நிறுத்திய கீதாரி மாடக்கண்ணுவுக்கு மாலை போட்டார்கள். மாலையும் பொன்னாடையுமாக அவர் மேடையில் நின்றபோது, மூன்றாவது உதவியை அறிவித்தார்கள்.

போர்வை. ஆளுக்கு ஒன்று. குழந்தைகளுக்குச் சின்னதாக, வாத்துப் படம் போட்டு.

"ஐயா சொன்ன யோசனைதான் இது," என்று நிறைமதி மைக்கில் சொன்னார். "அதனால முதல் போர்வை ஐயாவோட பேத்திக்கு."

கேமராக்கள் திரும்பின. பிரம்மசக்தி என்ன ஏது என்று நிதானிப்பதற்குள் யாரோ குழந்தையின் மேல் அதைப் போர்த்தினார்கள். வெள்ளைவெளேர் என்று, பஞ்சுபோல. மாடக்கண்ணு பாய்ந்து அதை உருவினார். ஆசையில் பிடுங்குகிறார் என்று கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பெரியவருக்கும் ஒன்று கொடுங்கப்பா என்று சொல்லி இன்னொன்றைக் கொடுத்தார்கள்.

குடிதண்ணீர் உண்டு, அதில் மாற்றமில்லை. காலையில் வீட்டில் உள்ள எல்லாப் போர்வையையும் லாரியடியில் பிழிந்து கொடுக்க வேண்டும். கனம் சரியாக இருந்தால் வீட்டுக்கு ஒரு குடம். ஒரு போர்வை லேசாக இருந்தாலும் அந்த வீட்டுக்குக் கிடையாது. இதற்குப் பயனாளி பங்களிப்பு என்று பெயர்.

மாடக்கண்ணு மேடை ஓரத்தில் நிறைமதியை நிறுத்தினார். "மண்ணுல ஈரமில்ல. காத்துல இல்ல. கிணத்துல இல்ல. இனி போர்வைக்கு எங்கிருந்து மேடம் வரும்?"

நிறைமதி கூட்டத்தைப் பார்த்தார். சனங்கள் போர்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் கணக்குப் பண்ணித்தான் ஐயா கொடுக்கறோம். பெரியவங்க உடம்பு தாங்கற அளவுதான். ஆளுக்கு ஒண்ணு போர்த்தினா ஒண்ணும் ஆகாது."

"குழந்தைக்கு?"

நிறைமதி கையில் இருந்த பட்டியலை மடித்தார்.

"ஒரு ஆளு ரெண்டு மூணு போர்த்தினா?"

"ஒரு ஆள் ஏன் ஐயா மூணு போர்த்தப் போறார்?" என்றார் நிறைமதி. சொல்லி முடித்த பிறகு அவர் மாடக்கண்ணுவின் கண்ணைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மணல் இன்னும் சுட்டது. குடிசையில் நான்கு போர்வைகள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. மாடக்கண்ணு பிரம்மசக்தியையும் குழந்தையையும் செம்மறிகளுக்கு நடுவில் தார்ப்பாயை விரித்துப் படுக்கவைத்தார். செம்மறிகள் கத்தின, மூத்திர வாடை அடித்தது. அந்த வாடையில் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

முப்பிடாதி தன் போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "எம் பங்கு எனக்கு. அதுல கை வைக்காதிய."

"சரி. மத்தது மூணையும் இங்க தா."

"எப்பா, உனக்கு எதுக்கு மூணு?" பிரம்மசக்தி பட்டிக்குள்ளிருந்து கேட்டாள்.

"எனக்குக் குளிருது தாயி," என்றார் மாடக்கண்ணு. நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. வாத்துப் படம் போட்ட சின்னப் போர்வையை நெஞ்சின்மேல் விரித்து, மற்ற இரண்டையும் அதற்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

காலையில் லாரியடியில் வரிசை நின்றது. டேங்கரின் பின்னால் கரும்பு பிழிகிற மாதிரி ஓர் உருளை மாட்டியிருந்தார்கள். மாடக்கண்ணு மூன்று போர்வையையும் தோளில் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. முன்னால் தவசிமுத்து நின்றார். அவர் தோளில் ஐந்து போர்வை. அவருக்கு முன்னால் வடக்குத்தெருப் பெரியவர், அவருக்கு முன்னால் தபால்காரரின் மாமியார். வரிசை முழுக்க அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு ஒருவர், அந்தந்த வீட்டில் மூத்தவர், ஒருவர் தோளிலும் ஒற்றைப் போர்வை இல்லை. எல்லாருடைய உதடும் வெடித்திருந்தது.

தவசிமுத்து திரும்பிப் பார்த்தார். மாடக்கண்ணுவின் தோளில் மேலாக இருந்த வாத்துப் படத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார், எச்சில் இல்லாததால் மூடிக்கொண்டார்.

ஜெயசிங் அந்த மூன்றையும், பக்கத்தில் வந்து நின்ற முப்பிடாதியின் ஒன்றையும் தராசில் போட்டான். உருளையில் விட்டான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுப் பட்டியில் குழந்தை விழித்து அழுதது. நன்றாக, சத்தமாக அழுதது. கண்ணீர் வந்திருக்கும் என்று மாடக்கண்ணு நினைத்துக்கொண்டார். ஜெயசிங் ஒரு குடத்தை நிரப்பி முப்பிடாதியின் இடுப்பில் ஏற்றிவிட்டான். பிழிந்த போர்வைகளை உதறி, ஒழுங்காக மடித்து, மாடக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"வெயில்ல போட்டுராதிய அண்ணாச்சி, இழை போயிரும்," என்றான். "பத்திரமா வச்சா, ரொம்ப வருசத்துக்கு உழைக்கும்."